டிஸ்க் தேய்ந்தபோது தெரிந்த விரல்கள்

1. சிவப்பு விளக்கு

அன்று திங்கட்கிழமை. காலை ஷிஃப்டுக்கு டெஸ்ட் அறையைத் திறந்தபோது நான்காம் நம்பர் மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இருபதாயிரம் தடவை ஓடித் தேற வேண்டிய டிஸ்க், மூவாயிரத்தைத் தாண்டியதும் படுத்துவிட்டது. மூடியைத் தூக்கினேன். லேசாகத் தைல வாசனை அடித்தது. டிஸ்க்கைக் கழற்றி லாம்ப் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். நடு ஓட்டையைச் சுற்றி நான்கு இடங்களில் பூச்சு தேய்ந்து வெளுத்திருந்தது. மூன்று திட்டுகள் ஒரே வளைவில் இருந்தன. மூன்றாவதாக இருக்க வேண்டியது மட்டும் பின்தங்கி நின்றது. நான்கு விரல்கள், அதில் ஒரு விரல் குட்டை.

மற்ற மெஷின்களையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன். இரண்டாம் நம்பரிலும் ஏழாம் நம்பரிலும் அதே கை இருந்தது. ஒன்றில் அழுத்தமாக, இன்னொன்றில் ஆவி படிந்தது போல லேசாக.

என் வேலை என்ன என்று இங்கே சொல்லிவிடுகிறேன். யாராவது கேட்டால் தேய்க்கிற வேலை என்றுதான் சொல்வேன். பாத்திரமா என்பார்கள். டிஸ்க் என்பேன். அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மலாய் நாட்டில் கிள்ளானை அடுத்த மேரு என்ற ஊரில், கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கின் தட்டைச் செய்கிற ஃபேக்டரி. தட்டு அலுமினியம். அதன்மேல் நிக்கல், அதன்மேல் தகவல் பதிகிற காந்தப் பூச்சு, அதைக் காப்பாற்ற ஒரு கார்பன் பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் எண்ணெய். தட்டு சுற்றும்போது படிக்கிற ஹெட் அதன்மேல் காற்றில் மிதக்கும். சுற்றுவது நின்றால் ஓட்டைக்குப் பக்கத்தில், தட்டின்மேலேயே வந்து உட்காரும். ஆக, கம்ப்யூட்டரைப் போடும்போது ஒரு உரசல், அணைக்கும்போது ஒரு உரசல். எத்தனை உரசலைத் தாங்கும் என்று பார்ப்பதற்காக ஒரு தட்டை இருபதாயிரம் தடவை சுழற்றிச் சுழற்றி நிறுத்துவோம். இரண்டு பகலும் இரண்டு இரவும் ஆகும். தேறினால் அதோடு சேர்த்துச் செய்த லாட் முழுக்க லோரி ஏறும். தேறாவிட்டால் எல்லாம் ஸ்க்ரேப், கழிவு.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. தூசியும் கீறலும் தெரிய வேண்டும் என்பதற்காகச் சுவரெல்லாம் கறுப்பு. எட்டு மெஷின், ஒரு லாம்ப், நான். மோட்டார் ஏறும்போது நீளமாக ஒரு மூச்சு உள்ளே இழுக்கும், இறங்கும்போது விடும். எட்டும் எட்டு விதமாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். நாளில் ஓரிரு தடவை எட்டும் ஒரே சமயத்தில் நின்றுவிடும். ஒரு விநாடிதான். எட்டு மெஷின் ஓடினால் எப்போதாவது அப்படி நடந்தே தீரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன், அந்த ஒரு விநாடியில் முதுகு சில்லென்று ஆகும்.

ஐந்து வருடம் அந்த அறையில் தனியாக இருந்ததில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்திருந்தது. டிஸ்க்கை மெஷினின் நடுக் குமிழில், அதாவது ஹப்பில், உட்கார வைக்க ஒரு பிளாஸ்டிக் வளையம் கொடுத்திருந்தார்கள். விதிப்படி அதை வைத்துத்தான் அழுத்த வேண்டும். அது சண்டித்தனம் செய்யும். கிளவுஸ் போட்ட விரல்களால் ஓட்டையைச் சுற்றி மெதுவாக அழுத்தினாலே தட்டு டக்கென்று உட்கார்ந்துவிடும். என் கைப் பக்குவம் எனக்கு. வளையம் டிராயரில் கிடந்தது.

2. பஸ்ஸில் ஜன்னலோரம்

அந்தக் குட்டை விரலைப் பார்த்ததுமே எனக்கு ஆள் தெரிந்துவிட்டது. சரோஜா.

கிள்ளானிலிருந்து மேருவுக்குப் போகும் ஃபேக்டரி பஸ்ஸில் இரண்டு வருடமாக என் பக்கத்து இடம் அவளுடையது. ஜன்னலோரம் அவள், இந்தப் பக்கம் நான். ஜெஞ்சாரோம் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவள். சின்ன வயதில் செம்பனைக் குலை வெட்டும் அரிவாளில் கையை வைத்து மூன்றாவது விரலின் நுனி போய்விட்டது. கோட்டிங் முடிந்து வரும் டிஸ்க்குகளை ரேக்கில் அடுக்குவதுதான் அவள் வேலை. அதாவது டிஸ்க்கின்மேல் தப்பாகக் கைபட வாய்ப்புள்ள இடம்.

தைலமும் அவளுடைய அடையாளம்தான். எப்போதும் ஒரு சின்னப் பச்சைப் பாட்டில் வைத்திருப்பாள். அந்தச் சிவப்பு விளக்குக்குக் கொஞ்ச நாள் முன்பு, ஏர்கோன் குளிரிலும் லாம்ப் வெளிச்சத்திலும் எனக்கு ஒற்றைத் தலைவலி தொடங்கியபோது, ஒரு பாட்டிலை என் கையில் திணித்து, நெற்றியில் தடவிக்கோ அக்கா என்றாள். அன்றிலிருந்து நானும் தடவிக்கொண்டேன்.

கிளீன் ரூமுக்குள் நகை போடக்கூடாது, பவுடர் பூசக்கூடாது, எண்ணெய் ஆகாது. லாக்கர் வாசலில் செக்யூரிட்டி அக்கா நின்று வளையலைக் கழற்று, தோட்டைக் கழற்று என்பார். எங்கள் பெண்களா கேட்பார்கள்? தாலியைப் பிளாஸ்டரால் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு போனவர்களை எனக்குத் தெரியும். மூக்குத்தியைக் கழற்றச் சொன்னதற்கு வேலையே வேண்டாம் என்று போனவளும் உண்டு. நான் மட்டும் யோக்கியமா? முப்பத்திரண்டு வயதில் கல்யாணம் தள்ளிப்போகிறதே என்று அம்மா கிள்ளானில் ஒரு ஜோசியரைப் பார்த்து ஒரு புஷ்பராக மோதிரம் வாங்கி வந்தார். குளிக்கும்போதுகூடக் கழற்றக்கூடாதாம், கல் சதையைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டுமாம். அதுவும் கிளவுஸுக்குள் இருந்தது.

சரோஜாவுக்கு இருபத்து நான்கு வயது. எந்த மோதிரமும் போடாமலே, சிரம்பானிலிருந்து ஒரு லோரி டிரைவர் பெண் பார்க்க வந்து, வந்த அன்றே சரி என்று சொல்லிவிட்டுப் போனான். தை மாதம் கல்யாணம். பஸ்ஸில் தினமும் சேலை, மண்டபம், பத்திரிகை என்று பேசிக்கொண்டு வருவாள். நான் ம் கொட்டுவேன். பொறாமை இல்லை என்று எழுதினால் அது பொய்.

3. பெயர் சொன்ன நாள்

புரொடக்‌ஷன் மேனேஜர் மிஸ்டர் லிம். கூடாத ஆளில்லை, ஆனால் அவசரக்காரர். மாதக் கடைசியில் பெரிய கஸ்டமர் ஃபேக்டரியைப் பார்க்க வருவதாக இருந்தது. டிஸ்க் இப்படித் தேய்ந்தால் ஆர்டர் போய்விடும், லைனையே மூடினாலும் மூடுவார்கள். அவர் மூன்று டிஸ்க்குகளையும் லாம்பின் கீழ் வரிசையாக வைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"பரமேஸ், சியாப்பா புன்யா ஜாரி?"

யாருடைய விரல். அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஒரு நாள் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த விரலை இந்த அறையில் எனக்கு மட்டும்தான் படிக்கத் தெரியும் என்கிற பெருமை வாயைத் திறக்க வைத்தது. சரோஜா, ரேக் லோடிங், என்றேன்.

அவளைக் கூப்பிட்டு இரண்டு கையையும் நீட்டச் சொன்னார். குட்டை விரலைக் கண்டதும் போதும் என்று தலையாட்டினார். கிளவுஸைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் டிஸ்க்கைத் தொட்டாள் என்று எழுதி, அன்று மதியமே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள்.

கேட் பக்கம் நான் போயிருக்கக்கூடாது. போனேன். அவள் அழவில்லை. பையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"நான் கிளவுஸ கழட்டுனதே இல்லக்கா. அந்த டிஸ்க்கையும் என் கையையும் பக்கத்துல வச்சுப் பாத்தீங்களா?"

டிஸ்க் பொய் சொல்லாது சரோ, என்றேன். அவள் மெயின் ரோட்டுப் பக்கம் நடந்தாள்.

4. போனவளின் கை

அதற்கடுத்த வாரமும் விரல்கள் வந்தன. பழைய ஸ்டாக், போகப் போகச் சரியாகும் என்றார் லிம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவள் அடுக்கிய தட்டுகள் இன்னும் ஸ்டோரில் இருக்கத்தானே செய்யும்.

மூன்றாவது வாரம் ஒரு டிஸ்க் நாலாயிரத்தில் நின்றது. அதே நான்கு திட்டு, அதே குட்டை. லாட் கார்டைத் திருப்பித் தேதியைப் பார்த்தேன். கோட்டிங் ஆனது முந்தின செவ்வாய்க்கிழமை. சரோஜா போய்ப் பதினைந்து நாள் கழித்துப் பிறந்த தட்டு. மூடியைத் தூக்கியபோது தைல வாசனையும் அடித்தது. கார்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கறுப்பு அறையில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. மெஷின்கள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. எனக்குப் பயம் வந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

விஷயம் வெளியே போகாமல் இருக்குமா? அதற்குள் லிம் வேறு ஒரு காரியம் செய்திருந்தார். தேய்ந்த டிஸ்க்கைப் படமெடுத்துப் பெரிதாக்கி, இன்ஸ்பெக்‌ஷன் லைனில் ஒட்டிவிட்டார். இந்த மாதிரி கண்டால் உடனே சொல்லவும் என்று கீழே மலாயில் எழுதியிருந்தது. டிஸ்க் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி பளபளக்கும். அந்த லைனில் உட்காருகிற பெண்கள் எட்டு மணி நேரம் தங்கள் கண்ணையே பார்த்துக்கொண்டு கீறல் தேடுபவர்கள். அவர்கள் எதிரில் ஒரு போனவளின் கையை மாட்டி வைத்தால் என்ன ஆகும்?

ரொஹானி என்ற பெண் முதலில் அலறினாள். டிஸ்க்கின் விளிம்புக்குப் பின்னாலிருந்து விரல்கள் ஏறி வந்தன என்றாள். அவள் விழுந்ததும் பக்கத்தில் இருந்தவள் விழுந்தாள், பிறகு வரிசையாக ஏழெட்டுப் பேர். லைன் நின்றது. மறுநாள் பொமோ என்கிற மலாய் மந்திரவாதி ஒருவர் வந்து எலுமிச்சைத் தண்ணீர் தெளித்தார். எங்கள் பெண்கள் கேட்டதற்காகக் கிள்ளானிலிருந்து பூசாரியும் வந்தார். உள்ளே கற்பூரம் கொளுத்தக்கூடாது என்று அவரைக் கார் நிறுத்தும் இடத்திலேயே நிறுத்திவிட்டார்கள். இரண்டு பேராலும் பலன் சைபர்தான்.

பஸ்ஸில் பேச்சு வேறு விதமாகப் போனது. பிரிக்பீல்ட்ஸில் ரயில் பாதைப் பக்கம் ஒரு பெண் அடிபட்டாளாம், சரோஜாவோட அக்கா வீடு அங்கேதானே என்று ஒருத்தி தொடங்கினாள். யாரும் போய்ப் பார்க்கவில்லை. பார்க்காமலே இரண்டு நாளில் சரோஜா செத்துப்போனாள்.

அந்த வாரம் எனக்குக் காய்ச்சல் கண்டது. ஐந்து நாள் லீவு. மெயின்டனன்ஸில் இருந்த அஸ்மான் என் இடத்தில் நின்றான். எட்டு மெஷினிலும் போட்ட டிஸ்க்குகள் எட்டும் இருபதாயிரத்தைத் தாண்டித் தேறின. ஒரு விரல் இல்லை. நான் திரும்பி வந்த முதல் லாட்டில் மூன்று டிஸ்க்கில் விரல்கள்.

கேன்டீனில் எனக்குப் பின்னால் ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது.

"அது லைனுக்கு வரல. பரமு அக்காவத்தான் தேடி வருது."

எவ்வளவு சரியாகச் சொன்னாள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

5. கீழேயிருந்து வந்த கை

மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. அன்று மதியம் நான்காம் நம்பர் மெஷினில் புது டிஸ்க் மாட்ட வேண்டும். விளிம்பைப் பிடித்து எடுத்து ஹப்பின்மேல் வைத்தேன். எப்போதும் லாம்ப் மேஜைப் பக்கமாகத் திரும்பி இருக்கும். பயத்தில் இருந்ததால் அன்று அதை மெஷினுக்கு நேரே திருப்பி வைத்திருந்தேன். அழுத்துவதற்காகக் குனிந்தேன்.

ஓடிக்கொண்டிருந்த மற்ற ஏழு மெஷினும் ஒன்றாக நின்றன.

கீழே, தட்டுக்குள்ளிருந்து ஒரு வெள்ளைக் கை மேலே வந்துகொண்டிருந்தது. ஆட்காட்டி விரல், நடு விரல், சுண்டு விரல் மூன்றும் நீண்டிருந்தன. மூன்றாவது விரல் குட்டை. அது என் கையைத் தொட வந்தது. கையை இழுத்தேன். அந்தக் கையும் விலகியது. மெஷின்கள் மறுபடி மூச்சு விடத் தொடங்கின.

இன்னொரு தடவை கையை இறக்கினேன். அதுவும் ஏறி வந்தது. நான் விரலை அசைத்தால் அது அசைத்தது. என் கைதான்.

என் மூன்றாவது விரல் ஏன் குட்டையாக இருக்கிறது? அப்போதுதான் பார்த்தேன், நான் அதை மடக்கியிருந்தேன். மோதிரம். கிளவுஸுக்கு மேலே கல் புடைத்துத் தெரிந்தால் சூப்பர்வைசர் பார்த்துவிடுவார் என்று கல்லை உள்ளங்கைப் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். அப்படியே அழுத்தினால் கல் டிஸ்க்கில் இடிக்கும். இடிக்காமல் இருக்க அந்த விரல் தானாகவே பின்வாங்கிக்கொண்டது. மாதக்கணக்கில் அப்படியே பழகி, மடக்குகிறேன் என்பதே எனக்குத் தெரியாமல் போய்விட்டது. கிளவுஸை முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தேன். தைலம். நெற்றியில் தேய்த்த விரலோடு கிளவுஸ் போட்டு, அந்த நைலான் துணி வழியாகத் தலைவலித்தபோதெல்லாம் டிஸ்க்கில் எண்ணெய் வைத்திருக்கிறேன். எண்ணெய் பட்ட நாலு இடத்திலும் ஹெட் ஒட்டி, இழுத்து, பூச்சைப் பிய்த்திருக்கிறது. நம் மேல் வீசும் வாசனை நம்முடையது என்று நமக்குத் தோன்றுவதில்லை.

மனது நம்ப மறுத்தது. அதனால் டெஸ்ட் செய்தேன். ஒரே லாட்டில் இரண்டு டிஸ்க். ஒன்றை என் பழக்கப்படி விரலால் அழுத்தினேன். இன்னொன்றுக்கு டிராயரிலிருந்த பிளாஸ்டிக் வளையத்தை எடுத்தேன். அஸ்மான் அதைத்தான் பயன்படுத்தியிருந்தான், புது ஆள் என்பதால் விதிக்குப் பயந்து. விரலால் அழுத்தியது மறுநாளே சிவப்பு விளக்குக் காட்டியது. வளையத்தால் வைத்தது இருபதாயிரமும் ஓடி, வைத்தபோது இருந்த மாதிரியே வெளியே வந்தது. டிஸ்க் பொய் சொல்லவில்லை. நான்தான் தப்பாகப் படித்தேன்.

6. கேஸ் முடிந்தது

இரண்டு டிஸ்க்கையும் எடுத்துக்கொண்டு லிம் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மோதிரத்தையும் காட்டினேன். அவர் பேனாவை உருட்டிக்கொண்டே கேட்டார். பிறகு மலாயும் ஆங்கிலமும் கலந்து அவர் சொன்னது இதுதான். கஸ்டமருக்கு ரிப்போர்ட் போய்விட்டது. தப்புச் செய்த ஆபரேட்டரை நீக்கிவிட்டோம், கேஸ் முடிந்தது என்று எழுதியாகிவிட்டது. இப்போது டெஸ்ட் செய்கிறவரே தப்பு என்று சொன்னால், இதுவரை அனுப்பிய எல்லா டெஸ்டையும் கேள்வி கேட்பார்கள். இருநூறு பேருக்கு வேலை போகும்.

"அந்த மோதிரத்தைக் கழட்டு, வேலையப் பாருலா, பரமேஸ்."

சரோஜாவைத் திரும்பக் கூப்பிடலாமே என்றேன். எந்தக் காரணத்தைச் சொல்லி என்றார். பேசாமல் வெளியே வந்தேன். பேசியிருக்க வேண்டும். இருநூறு பேரைச் சொல்லி அவர் என்னை மடக்கினார் என்று இத்தனை காலம் சொல்லி வந்தேன். உண்மையில் அந்த இருநூறு பேரில் நானும் ஒருத்தி என்பதால்தான் மடங்கினேன்.

கஸ்டமர் வந்தார்கள், பார்த்தார்கள், கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் போனேன். ரயில் பாதையைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டேன். சரோஜாவின் அக்கா பூக்கடை வைத்திருப்பதாக அவள் பஸ்ஸில் சொன்னது நினைவிருந்தது. விசாரித்துக்கொண்டே போனேன். கடை முன்னால், கடை வரிசையை ஒட்டிப் போகும் ஐந்தடிப் பாதையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒரு பெண் மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்தாள். குனிந்திருந்தாள், முகம் தெரியவில்லை. முதலில் கையைத்தான் பார்த்தேன். வலது கையின் நாலு விரலும் முழுசாக இருந்தன. வேறு யாரோ, அவள் போய்விட்டாள் என்று நினைத்தேன். அப்போது அவள் நிமிர்ந்தாள். சரோஜாதான்.

குட்டை விரல் இடது கையில் இருந்தது.

டிஸ்க்கில் இருந்தது வலது கை. சுண்டு விரல் எந்தப் பக்கம் என்று பார்த்தாலே தெரிந்திருக்கும். இரண்டு வருடம் ஒட்டி உட்கார்ந்து வந்தவள் நான், எந்தக் கையில் அவளுக்கு விரல் குட்டை என்று அதுவரை எனக்குத் தெரியாது. பக்கத்தில் வைத்துப் பார்த்தீர்களா என்று அவள் கேட்டதற்கு அர்த்தம் அந்த ஐந்தடிப் பாதையில்தான் புரிந்தது.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மோதிரம், தைலம், வளையம், லிம் சொன்னது. அவள் பூவைக் கீழே வைக்காமல் கேட்டாள். கடைசியில் என் விரலைப் பார்த்தாள். மோதிரம் அப்போதும் இருந்தது, விரல் பருத்து அதைக் கழற்ற முடியாமல் போயிருந்தது.

"கல்யாணம் அமைஞ்சிச்சாக்கா?"

இல்லை என்றேன்.

"எனக்கும் நின்னுபோச்சு. டிஸ்க்குல என்னமோ வச்சிட்டா, சூனியக்காரின்னு அவங்க வீட்டுக்குச் சேதி போயிருச்சு. இப்ப செத்துட்டேன்னும் சொல்றாங்களாம்."

என்னால் என்ன செய்ய முடியும் என்று கேட்டேன். அவள் யோசித்துவிட்டு, வேலை வேண்டாம், மேருவுக்குத் திரும்பி வரமாட்டேன் என்றாள்.

"பஸ்ஸுல சொல்லுங்க. பேச்சு அங்கதானே கெளம்புச்சு. எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். அவள் மறுபடி பூவை எடுத்தாள். போகும்போது திரும்பிப் பார்த்தேன், அவள் பார்க்கவில்லை.

7. பஸ்

மறுநாள் காலை பஸ் கிள்ளானைத் தாண்டியதும் எழுந்து நின்றேன். கம்பியைப் பிடித்துக்கொண்டேன். டிரைவர் அண்ணனிடம் ரேடியோவை நிறுத்தச் சொன்னேன். நாற்பது முகங்கள் திரும்பின. எப்படித் தொடங்குவது என்று ராத்திரி முழுக்கத் தயார் செய்து வைத்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"சரோஜா சாகல. பிரிக்பீல்ட்ஸ்ல பூக் கட்டுறா, நேத்துப் பாத்துட்டு வரேன். டிஸ்க்க அவ தொடல. தொட்டது நான்."

கிளவுஸைப் போட்டுக்கொண்டு கையை உயர்த்தி, விரல் எப்படி மடங்கியது என்று காட்டினேன். ரொஹானிக்குத் தமிழ் தெரியாது, அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் மலாயில் மெதுவாகச் சொன்னாள். ரொஹானி என் கையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். லிம் காதுக்கும் விஷயம் போயிருக்கும். அவர் ஒன்றும் கேட்கவில்லை, அந்தப் படத்தை மட்டும் லைனிலிருந்து எடுத்துவிட்டார்.

மோதிரத்தைக் கிள்ளானில் ஒரு பத்தரிடம் போய் வெட்டி எடுத்தேன். அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. விரல்கள் அதற்குப் பிறகு வரவில்லை. டெஸ்ட் அறையில் தைல வாசனையும் போய்விட்டது. எட்டு மெஷினும் ஒன்றாக நிற்கும் அந்த ஒரு விநாடி மட்டும் கடைசிவரை இருந்தது. அப்போதெல்லாம் என் கையை டிஸ்க்கிலிருந்து எடுத்துவிடுவேன்.

இந்தத் தொழிலுக்கு இப்போது வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். தேய்ந்த இடத்தைப் பார்த்ததும் ஒருவர் பெயர் வாயில் வந்தால், வாயை மூடிக்கொண்டு அந்தத் தட்டின்மேல் கையை வைத்துப் பாருங்கள். முதலில் உங்கள் கையை. எனக்கு அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அதன்பிறகு அந்த ஃபேக்டரியில் இன்னும் ஏழு வருடம் வேலை பார்த்தேன். அதே பஸ், அதே இடம். என் பக்கத்தில் சரோஜாவின் ஜன்னலோர இடம் காலியாகவே வந்தது. கூட்டமான நாளில் நின்றுகொண்டு வருவார்களே தவிர உட்கார மாட்டார்கள். என்மேல் கோபமா, வேறு ஏதாவதா, நான் கேட்டதில்லை. ஒரு தடவை புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி என்னைத் தாண்டி உள்ளே போய் அந்த இடத்தில் உட்காரப் பார்த்தாள். பின் சீட்டிலிருந்து ஒருத்தி அவள் தோளைத் தொட்டு, சாதாரணமாகச் சொன்னாள்.

"அங்க உக்காராத. ஆள் இருக்கு."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலோரத்துக்கு இடம் விட்டு, கொஞ்சம் இந்தப் பக்கமாகத் தள்ளி உட்கார்ந்துகொண்டேன்.